தெற்குக் கரையில் உலா, வடக்குக் கரையில் வேலி: ஓய்வு பெற்ற தமிழரின் பனிக்காலப் பயணங்கள்

மார்கழி பிறந்து பங்குனி முடியும் வரை காலியில் இருந்து தங்காலை வரையான கடற்கரையில் ஒரு காட்சி கொஞ்ச வருடங்களாகக் கூடிக்கொண்டு வருகிறது. வெளிநாட்டுப் பயணிகளுக்கு நடுவே, சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஈரமணலில் மெதுவாக நடக்கும் வயது போன தமிழ்த் தம்பதிகள். ரொறன்ரோ, லண்டன், ஒஸ்லோ, சூரிச் என்று பனி கொட்டும் நகரங்களில் இருந்து வந்தவர்கள். பிறந்த ஊர் எது என்று கேட்டால் மயிலிட்டி, பருத்தித்துறை, முல்லைத்தீவு, மூதூர் என்று கடலோர ஊர்களின் பெயர்கள்தான் அடிக்கடி வருகின்றன.

இவர்களைப் பற்றி எங்கள் மத்தியில் இரண்டு விதமான பேச்சு இருக்கிறது. "முள்ளிவாய்க்காலில செத்த சனத்தை மறந்திட்டு மிரிஸ்ஸவில நின்று படம் எடுக்கினம்" என்பது ஒன்று. "அவையின்ர காசு, அவையின்ர காலம், போகட்டும்" என்பது மற்றது. முதலாவது பேச்சில் கோபம் இருக்கிறது. இரண்டாவதில் அலுப்பு இருக்கிறது. இரண்டுமே முக்கியமான கேள்வியைத் தொடுவதில்லை. கடலோரத்தில் பிறந்து, கடலோரத்தில் காணியும் வைத்திருக்கிற இரண்டு பேர், ஓய்வுக் காலத்தில் ஒரு கடற்கரையில் நடப்பதற்கு ஏன் சொந்த ஊரைத் தாண்டி 400 கிலோமீற்றருக்கு அப்பால் போகிறார்கள்? இந்தக் கட்டுரையில் நான் பார்க்க முயல்வது அதைத்தான்.

ஏன் பனிக்காலம், ஏன் தெற்கு?

1986 ஓகஸ்ட் 11ஆம் திகதி கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 தமிழரை அந்த நாட்டு மீனவர்கள் மீட்டார்கள். அன்று 25 வயதில் அந்தப் படகில் இருந்த ஒருவர் இன்று ஓய்வூதிய வயதை எட்டிவிட்டார். 1983 ஜூலைக்குப் பிறகு ஓடிப் போன தலைமுறை முழுவதும் இப்போது வேலையில் இருந்து இறங்குகிறது. தொழிற்சாலையிலும் உணவகச் சமையலறையிலும் இரவு வேலை செய்து பிள்ளைகளைப் படிப்பித்துக் கரையேற்றிய தலைமுறை அது. முழங்கால் தேய்ந்துவிட்டது. பனியில் வழுக்கி விழுந்தால் இடுப்பு எலும்பு போய்விடும் என்ற பயம். நான்கு மாதமாவது வெயில் வேண்டும்.

அப்படியென்றால் ஊருக்கே வந்து குடியிருக்கலாமே என்று நாங்கள் இங்கிருந்து கேட்கிறோம். அதற்கு அந்த நாடுகளின் சட்டமே பதில் சொல்கிறது. ஒன்ராறியோ மாகாணத்தின் மருத்துவக் காப்புறுதி தொடர்ந்து கிடைக்க வேண்டுமானால் 12 மாதத்தில் குறைந்தது 153 நாள் அந்த மாகாணத்தில் இருக்க வேண்டும். கனடாவில் வருமானம் குறைந்த முதியவருக்குக் கிடைக்கும் மேலதிகக் கொடுப்பனவு, ஆறு மாதத்துக்கு மேல் நாட்டுக்கு வெளியே இருந்தால் நின்றுவிடும். பிரித்தானிய அரச ஓய்வூதியத்தை இலங்கையில் குடியேறியவரும் பெறலாம். ஆனால் ஆண்டுதோறும் வரும் உயர்வு அவருக்குக் கிடைக்காது. நீரிழிவு, இரத்த அழுத்தம், இருதய வருத்தம் என்று மருந்துப் பையோடு திரியும் வயதில் இவற்றை விட்டுவிட்டு வர யாருக்கும் துணிவு வராது. ஆகவே இவர்கள் திரும்பி வருபவர்களாகவும் இல்லை, வெறும் சுற்றுலாப் பயணிகளாகவும் இல்லை. வருடத்தில் மூன்று நான்கு மாதம் மட்டும் இங்கே இருக்கக்கூடிய ஒரு புது வகைக் குடிகள்.

அந்த மூன்று நான்கு மாதத்தில் தெற்கு அழைப்பதற்கு இயற்கையும் ஒரு காரணம். வாடைக்காற்றுக் காலத்தில் வடக்கும் கிழக்கும் மழையில் நனையும்போது தெற்கு, மேற்குக் கடல் அமைதியாகக் கிடக்கும். மிரிஸ்ஸவுக்கு அப்பால் நீலத் திமிங்கிலம் பார்க்கப் படகு போகும் காலமும் மார்கழியில் இருந்து சித்திரை வரைதான். சோளகக் காற்றுக் காலத்தில் நிலைமை தலைகீழாகும். அப்போது கிழக்குக் கடல் அமைதியாகி, அறுகம்பேயும் திருகோணமலையும் பயணிகளால் நிரம்பும். ஆனால் மழை மட்டும்தான் காரணம் என்று நான் நினைக்கவில்லை. தை நடுப்பகுதியோடு யாழ்ப்பாணத்தில் மழை ஓய்ந்துவிடும். தையும் மாசியும் பங்குனியும் எங்கள் கரையிலும் நடப்பதற்கு அருமையான மாதங்கள். அந்த மாதங்களிலும் இவர்கள் தெற்கிலேதான் நிற்கிறார்கள்.

ஒரு தம்பதியின் மூன்று கிழமை

எனக்குத் தெரிந்த ஒரு தம்பதியைச் சொல்கிறேன். அவருக்கு 71 வயது, அவவுக்கு 68. வலிகாமம் வடக்கில் கடலோடு ஒட்டிய ஒரு கிராமம். 1990இல் அந்த ஊர் முழுவதும் எழும்பியபோது அவர்களும் எழும்பி, பிறகு கொழும்பு வழியாகக் கனடா போனவர்கள். ஐந்து வருடமாக ஒவ்வொரு தை மாதமும் வருகிறார்கள். முதல் இரண்டு கிழமை யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரர் வீட்டில். அதற்குப் பிறகு மூன்று கிழமை தெற்கில்.

ஒரு முறை அவர்களோடு நான்கு நாள் போனேன். அவர்களது ஒழுங்கு பெரிய ஆடம்பரமானது இல்லை. வெலிகமவில் ஒரு சிங்களக் குடும்பம் நடத்தும் சிறிய விடுதி, கீழ்மாடி அறை, படி ஏறத் தேவையில்லை. காலை ஆறு மணிக்குக் கடற்கரையில் ஒரு மணி நேர நடை. வந்து இடியப்பமும் சம்பலும். வெயில் ஏறினால் அறை. மாலையில் முச்சக்கர வண்டி பிடித்து ஒரு நாள் காலிக் கோட்டை மதில், ஒரு நாள் கொக்கலையில் கம்பில் இருந்து மீன் பிடிப்பவர்கள், ஒரு நாள் குடாவெல்லையில் பாறை இடுக்கால் கடல் பீறிட்டு எழும் இடம். ஒரு நாள் தெவிநுவர. முடிவில் கதிர்காமம். கதிர்காமம் போகாமல் அவவின் பயணம் முடியாது.

ஏன் ஒவ்வொரு வருடமும் இங்கே என்று அக்காவிடம் கேட்டேன். "தம்பி, அங்கை வாசலுக்கு வெளியில கால் வைச்சா வழுக்குது. ஊரிலை கால் வைக்கவே விடுறாங்களில்லை. ரெண்டுக்கும் நடுவில இதுதானே மிஞ்சிக் கிடக்கு" என்றா.

அண்ணை சொன்னது வேறு. "இஞ்சை விடிய நடக்கேக்க ஒருத்தரும் மறிச்சு எங்கை போறாய் எண்டு கேக்கிறேல்லை. ஐசியைக் காட்டச் சொல்லுறேல்லை. அதுதான் எனக்கு ஓய்வு." அவர்களது ஊருக்குப் பக்கத்தில் படையினர் நடத்தும் ஒரு விடுதியில் தங்கலாமே என்று உறவினர் ஒருவர் சொன்னபோது அவர் மறுத்துவிட்டார். "என்ர ஊர்க் கடலை நான் அவங்களுக்கு வாடகை குடுத்துப் பாக்கிறதோ?" என்பதுதான் அவர் கேட்டது.

இந்த இரண்டு பதிலையும் நான் அரசியல் வாசகமாகவே எடுத்துக்கொள்கிறேன். கட்சி மேடையில் பேசாத, முகநூலில் எழுதாத இரண்டு பேரின் வாயில் இருந்து வந்த அரசியல்.

ஒரே அலை, இரண்டு கரை

தெற்குக் கரை தானாக இப்படி ஆனது இல்லை. 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை இந்தத் தீவில் 30,000க்கு மேற்பட்டோரைக் கொன்றது. ஹிக்கடுவவுக்கு அருகே பெரலியவில் ரயில் ஒன்றையே அலை புரட்டிப் போட்டு ஆயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோனது. அதே காலையில் முல்லைத்தீவும் வடமராட்சி கிழக்கும் மருதமுனையும் கல்முனையும் அழிந்தன. அலை இனம் பார்க்கவில்லை என்று அன்று எல்லோரும் சொன்னார்கள். அதற்குப் பிறகு நடந்தவை இனம் பார்த்தே நடந்தன.

கரையில் இருந்து எவ்வளவு தூரத்துக்குள் வீடு கட்டக்கூடாது என்று அரசாங்கம் முதலில் அறிவித்தபோது தெற்குக்கும் மேற்குக்கும் 100 மீற்றர், வடக்குக்கும் கிழக்குக்கும் 200 மீற்றர் என்று அறிவித்தது. நிவாரணத்தைப் பகிர்ந்து நிர்வகிப்பதற்காக 2005 ஜூன் 24இல் அரசாங்கமும் விடுதலைப் புலிகளும் கைச்சாத்திட்ட பொதுக் கட்டமைப்பை, மூன்று கிழமைக்குள் உயர் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடை நிறுத்தியது. அடுத்த வருடம் போர் மீண்டும் வந்தது. தெற்கில் ஹொட்டல்கள் எழும்பிய வருடங்களில் எங்கள் கரையில் இடம்பெயர்ந்தவர் கொட்டில்கள் மீண்டும் இடம்பெயர்ந்தன. 2009 மே மாதம் அந்தக் கரையிலேயே, முள்ளிவாய்க்கால் மணலிலேயே, எல்லாம் முடிந்தது.

போருக்குப் பிறகும் வேகம் ஒன்றாக இருக்கவில்லை. தெற்கு அதிவேக நெடுஞ்சாலை 2011 நவம்பரில் காலி வரை திறக்கப்பட்டது, 2014இல் மாத்தறை, 2020இல் அம்பாந்தோட்டை. கொழும்பில் இருந்து மாத்தறைக்கு இரண்டு மணித்தியாலம். யாழ்ப்பாணத்துக்கு ஏ-9 வீதியால் இன்னும் ஏழெட்டு மணித்தியாலம். முதுகு நோவுள்ள ஒரு கிழவிக்கு இந்த வித்தியாசம் பெரியது. 1990 இலக்க நோயாளர் காவு வண்டிச் சேவை 2016இல் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் தொடங்கியது. வடக்குக்கு 2018இல்தான் வந்தது. இருதய வருத்தக்காரர் ஒருவர் ஓர் இடத்தில் மூன்று கிழமை தங்குவதா இல்லையா என்று முடிவெடுக்கும்போது கடலின் நிறத்தை விட இப்படியான விசயங்களைத்தான் பார்க்கிறார்.

காலிக் கோட்டையில் நடந்தபோதும் இதே எண்ணம்தான் வந்தது. அதையும் யாழ்ப்பாணக் கோட்டையையும் ஒல்லாந்தரே இன்றைய வடிவத்தில் கட்டினார்கள். காலிக் கோட்டைக்குள் இன்றும் வீடு, பள்ளிவாசல், தேவாலயம், நீதிமன்றம் எல்லாம் இருக்கின்றன. 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் அது சேர்ந்தது. எங்கள் கோட்டை 1990இல் முற்றுகைக்குள் கிடந்தது. அதற்குள் இருந்த பழைய ஒல்லாந்தத் தேவாலயம் போரில் இடிந்து கல்லாகிப் போனது. காலி மதிலில் மாலை வெயிலில் இருந்தபடி அண்ணை யாழ்ப்பாணக் கோட்டையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

தெற்குக் கரையில் எங்கள் எழுத்து

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். தெற்குக் கரைக்குத் தமிழர் விருந்தாளிகளாக மட்டும் போகவில்லை. 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்ட கல்வெட்டு ஒன்று சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழியில் இருக்கிறது. சீனக் கடற்தளபதி செங் ஹ 1409 என ஆண்டு பொறித்துக் கொண்டுவந்த கல் அது. அதன் தமிழ்ப் பகுதி தேனவரை நாயனாருக்குக் கொடுத்த காணிக்கைகளைச் சொல்கிறது. தேனவரை என்பது இன்றைய தெவிநுவர. 14ஆம் நூற்றாண்டில் அங்கே வந்த இபின் பதூதாவும் பெரிய கோயிலைக் கண்டு எழுதினார். 1588இல் போர்த்துக்கேயர் அதை இடித்தார்கள். இன்று அந்த இடத்தில் விஷ்ணு தேவாலயம் இருக்கிறது, சிங்கள பௌத்தரே பெருமளவில் வழிபடுகிறார்கள். கல் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இதை நான் உரிமை கோருவதற்காக எழுதவில்லை. வடக்கில் விகாரை எழும்பும்போது ஆயிரம் வருடத்துக்கு முந்திய கல்லைக் காட்டிக் காணி கேட்பவர்களின் தர்க்கத்தை நாங்களும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு கரையில் எல்லா மொழியும் ஒரு காலத்தில் ஒரே கல்லில் இருந்தது என்பதே போதும். தெவிநுவரவில் கைகூப்பி நின்ற அக்காவை அங்கிருந்த சிங்களப் பெண்கள் யாரும் வேற்றாளாகப் பார்க்கவில்லை. பூத்தட்டை நீட்டி இடம் விட்டார்கள். வடக்கில் ஒரு கோயிலடிக்குப் போக அனுமதிக் கடிதம் எடுத்த அனுபவம் உள்ள அவவுக்கு அது பெரிய விசயமாகப் பட்டது.

வேலியும் விடுதியும்

வடக்குக்கு வருவோம். 1990இல் வலிகாமம் வடக்கில் இருந்து எழும்பிய சனத்தின் காணிகளை உயர் பாதுகாப்பு வலயம் என்று படையினர் வைத்திருந்தார்கள். 2013 ஏப்ரலில், அந்தக் காணிகளில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்கப் போவதாக மரங்களிலும் மதில்களிலும் அறிவித்தல் ஒட்டப்பட்டது. சனம் நீதிமன்றம் போனது, தெருவில் இருந்தது. 2015க்குப் பிறகு பகுதி பகுதியாகக் காணிகள் விடுபட்டன. மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில் விடுபட்டது. ஆனால் முழுவதும் விடுபடவில்லை. துறைமுகம் வந்தாலும் வீடு வராத குடும்பங்கள் இருக்கின்றன. முல்லைத்தீவில் கேப்பாப்பிலவுச் சனம் 2017 மாசியில் இருந்து முகாம் வாசலில் வருடக்கணக்கில் இருந்தது. வட்டுவாகலில் கடலுக்கும் நந்திக்கடலுக்கும் நடுவே கடற்படைத் தளம்.

போர் முடிந்த கையோடு படையினர் விடுதித் தொழிலுக்கும் வந்தார்கள். காங்கேசன்துறையில் இராணுவம் தல்செவன விடுதியைத் திறந்தது. காரைநகருக்கு அப்பால் கடலுக்குள் நிற்கும் ஹம்மன்ஹீல் கோட்டையைக் கடற்படை விடுதியாக்கியது. நந்திக்கடலோரத்திலும் இராணுவ விடுதி எழும்பியது. தெற்கிலும் வாதுவையிலும் யாலவிலும் இராணுவ விடுதிகள் இருக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் வாதுவையில் இராணுவ விடுதிக்குப் பக்கத்தில் தனியார் விடுதிகள் வரிசையாக இருக்கின்றன. பயணிக்குத் தெரிவு இருக்கிறது, ஊர்ச் சனத்துக்கும் தொழில் இருக்கிறது. எங்கள் கரையில் ஒரு குடும்பம் தன் வீட்டின் இரண்டு அறையைத் திருத்தி விருந்தினர் விடுதியாக்க நினைத்தால், முதலில் அந்த வீடு அதன் கையில் இருக்க வேண்டும்.

ஒரு தம்பதி மூன்று கிழமை செலவழிக்கும் பணம் எங்கே போகிறது என்று பார்த்தால் இது புரியும். வெலிகமவில் அறை வாடகை அந்தக் குடும்பத்துக்கு. முச்சக்கர வண்டிக் காசு ஊர்ப் பொடியனுக்கு. மீன், இளநீர், உடுப்புத் தோய்ப்பு, எல்லாம் அந்தக் கிராமத்துக்குள்ளேயே. 2018இல் இலங்கைக்கு 23 இலட்சம் பயணிகள் வந்தார்கள். குண்டுவெடிப்பு, கொவிட், பொருளாதார நெருக்கடி என்று விழுந்த தொகை 2024இல் மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியது. அந்தப் பயணிகளுக்குள் எங்கள் சனமும் இருக்கிறது. போரால் எழும்பிப் போனவரின் ஓய்வூதியப் பணத்தில் ஒரு பங்குகூட, போரால் அழிந்த கரையில் நிற்பதற்கு வழி இல்லாமல் கிடக்கிறது.

காணி உறுதியும் மூன்று மாதமும்

இது வெறும் சுற்றுலா வருமானக் கதையாக இருந்தால் நான் இவ்வளவு எழுத மாட்டேன். ஆபத்து காணியில் இருக்கிறது.

2025 மார்ச் 28 திகதியிட்ட வர்த்தமானி அறிவித்தல் ஒன்று வந்தது. காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் 4ஆம் பிரிவின் கீழ், வடக்கில் 5,941 ஏக்கருக்கு உரிமை கோருபவர்கள் மூன்று மாதத்துக்குள் கோர வேண்டும், கோராவிட்டால் அது அரச காணியாகும் என்பது அதன் சாரம். யாழ்ப்பாணத்தில் 3,669 ஏக்கர், முல்லைத்தீவில் 1,703, கிளிநொச்சியில் 515, மன்னாரில் 54. பெரும்பகுதி கரையோரம். எதிர்ப்புக் கிளம்பியது, அரசாங்கம் மீளப் பெறுவதாகச் சொன்னது, உயர் நீதிமன்றமும் அந்த ஜூனில் இடைக்காலத் தடை விதித்தது. அந்த முறை தப்பினோம்.

ஆனால் அந்த மூன்று மாதத்தை ஒரு புலம்பெயர்ந்த முதியவரின் பக்கத்தில் இருந்து பாருங்கள். அறிவித்தல் பங்குனிக் கடைசியில் வருகிறது. பனிக்காலத்துக்கு வந்தவர்கள் திரும்பி விமானம் ஏறும் நேரம். உறுதி எங்கே? 1990இல் ஓடும்போது தகரப் பெட்டியோடு போனது. சிலருக்கு வன்னியில் பங்கருக்குள் போனது, சிலருக்கு ஆழிப்பேரலையில் போனது. தகப்பன் பெயரில் இருந்த காணி ஆறு பிள்ளைக்குப் பிரிக்கப்படாமல் கிடக்கிறது. ஆறு பேரும் நான்கு நாட்டில். இப்படியான சனத்திடம் மூன்று மாதத்தில் உரிமையைக் காட்டு என்று கேட்பது, காட்ட முடியாது என்று தெரிந்தே கேட்பதற்குச் சமம்.

இன்னொரு சட்டமும் இருக்கிறது. 2014இன் 38ஆம் இலக்கக் காணி கைமாற்றல் கட்டுப்பாட்டுச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாற்றுவதைத் தடுக்கிறது. நெருங்கிய உறவின் வழி வரும் முதுசத்துக்கும் இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கும் விலக்கு உண்டு. அதாவது கனடாக் குடியுரிமை மட்டும் வைத்திருக்கும் ஒருவர் தகப்பனின் காணியை முதுசமாகப் பெறலாம், ஆனால் பக்கத்துத் துண்டை விலைக்கு வாங்க முடியாது. 2011இல் நிறுத்தப்பட்ட இரட்டைக் குடியுரிமை 2015இல் மீண்டும் தொடங்கியது. 55 வயதுக்கு மேற்பட்டோர் விண்ணப்பிக்கத் தனிப் பிரிவே இருக்கிறது. தெற்கில் என்னோடு வந்த தம்பதி அதற்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை. "இனி எத்தனை வருசம் இருக்கப் போறம்" என்பது அண்ணையின் பதில். அவர் இருக்கப் போகும் வருடத்தைப் பற்றியது இல்லை அது. அவருக்குப் பிறகு அந்தக் காணியைக் கேட்க ஒரு பெயர் இருக்குமா என்பதைப் பற்றியது. தமிழ் வாசிக்கத் தெரியாத பேரப்பிள்ளை வர்த்தமானியைத் தேடிப் பார்க்கப் போவதில்லை.

தெற்கும் சொர்க்கம் இல்லை

தெற்கை ஒரு பூங்காவனமாகக் காட்டுவதும் சரியில்லை. 1971இலும் 1987 முதல் 1989 வரையும் அந்தக் கரையின் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். காணாமல் போன பிள்ளையைத் தேடிய தாய்மார் மாத்தறையிலும் அம்பாந்தோட்டையிலும் இருந்தார்கள். ஹொட்டல்களுக்கு நடுவே வள்ளம் ஏற்ற இடமில்லாத மீனவர்களும் அங்கே இருக்கிறார்கள். 2024 மாசியில் உனவட்டுனவில் "வெள்ளையர் மட்டும்" என்று விளம்பரப்படுத்தப்பட்ட விருந்து பெரும் எதிர்ப்பைக் கிளப்பி நிறுத்தப்பட்டது. கடற்கரை யாருக்கு என்ற கேள்வி அங்கேயும் இருக்கிறது.

ஆனால் அந்தச் சனத்துக்குக் கேள்வி கேட்க இடம் இருக்கிறது. கடை போடவும் விடுதி நடத்தவும் சொந்த நிலம் இருக்கிறது. 2024 செப்டெம்பரில் ஜனாதிபதியான அநுர குமார திசாநாயக்கவின் கட்சி, தெற்கின் அந்தக் காயங்களுக்குள் இருந்து வந்த கட்சி. அதே வருட நவம்பர்த் தேர்தலில் யாழ்ப்பாணம் தேர்தல் மாவட்டத்தின் 6 ஆசனத்தில் 3ஐ எங்கள் சனம் அவர்களுக்குக் கொடுத்தது. வர்த்தமானி வந்தது அதற்கு நான்கு மாதத்துக்குப் பிறகு. தெற்குக் கரையின் சாதாரண காலைப்பொழுதை வடக்குக் கரைக்கும் தருவார்களா என்பதுதான் இந்த அரசாங்கத்தை அளக்க எனக்குத் தெரிந்த நேரான அளவுகோல். புது அரசியலமைப்பு வரும், வராமல் போகும். வேலிக் கம்பியை அகற்ற அரசியலமைப்புத் தேவையில்லை.

எங்கள் பக்கத்து வேலை

அரசாங்கத்தையும் படையினரையும் மட்டும் சொல்லி முடித்தால் நேர்மையாக இருக்காது. வேலி இல்லாத கரைகளும் எங்களிடம் இருக்கின்றன. காரைநகர் கசூரினா, வேலணைச் சாட்டி, மணற்காடு எல்லாம் திறந்த கரைகள். அங்கே ஒரு முதியவர் இளைப்பாற நிழலான வாங்கு எத்தனை? கொமோட் உள்ள சுத்தமான கழிப்பறை எத்தனை? கைப்பிடியோடு மணலில் இறங்கும் வழி எத்தனை? போத்தல் ஓடும் பிளாஸ்ரிக்கும் இல்லாமல் வெறுங்காலால் நடக்கக்கூடிய நூறு மீற்றர் எங்கே? 2025 மே உள்ளூராட்சித் தேர்தலுக்குப் பிறகு வடக்கின் பல சபைகள் தமிழ்க் கட்சிகளின் கையில் இருக்கின்றன. ஒரு வாங்கு போடவும் ஒரு கழிப்பறையைக் கழுவவும் இராணுவத்திடம் கேட்கத் தேவையில்லை.

புலம்பெயர்ந்த முதியவர்களிடமும் கேட்பதற்குச் சில இருக்கின்றன. தெற்குக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நாற்பது வருடம் குளிரில் உழைத்தவர்களுக்கு மூன்று கிழமை வெயிலைக் கணக்குப் பார்ப்பது அழகில்லை. ஆனால் வரும்போது ஒரு கிழமையைக் காணிக்கு ஒதுக்குங்கள். காணிப் பதிவகத்தில் தோம்பைத் தேடி எடுங்கள். உறுதி தொலைந்திருந்தால் பிரதி எடுங்கள். நம்பிக்கையான ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுங்கள், அதில் விற்கும் அதிகாரத்தைக் கொடுக்கும் முன் இரண்டு முறை யோசியுங்கள். சகோதரங்கள் உயிரோடு இருக்கும்போதே முதுசத்தைப் பிரித்து எழுதுங்கள். காணி இன்னும் விடுபடவில்லை என்றால் பிரதேச செயலகத்தில் உங்கள் பெயர் பதிவில் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாவற்றையும் படம் எடுத்துப் பிள்ளைகளின் கைத்தொலைபேசியில் போட்டு, அது எந்தக் காணி, எல்லை எது, வடக்கே யாருடைய வளவு என்று வாயால் சொல்லிக் கொடுங்கள்.

எங்களில் பலருக்குக் கடற்கரை இன்னும் உலாப் போகும் இடம் இல்லை. முள்ளிவாய்க்காலில் பிள்ளையை மணலில் புதைத்துவிட்டு வந்த தாய் எந்தக் கரையில் நடந்தாலும் அந்தக் கரையில்தான் நடக்கிறா. அவவிடம் போய்ச் சுற்றுலா பற்றிப் பேச முடியாது. ஆனால் அவவுக்கும் அந்தக் கரைக்குப் போகும் உரிமை வேண்டும். தான் விரும்பிய நாளில், விரும்பிய நேரத்தில், யாருடைய கமராவும் தொடராமல் போய் ஒரு விளக்கு ஏற்றிவிட்டு வரும் உரிமை. உலாப் போகும் உரிமையும் அழுதுவிட்டு வரும் உரிமையும் ஒரே பாதையால்தான் வருகின்றன. பாதையைத் திறந்துவிட்டால் யார் எதற்காகப் போவது என்பதைச் சனமே தீர்மானித்துக்கொள்ளும்.

போர் முடிந்துவிட்டது என்று 2009இல் இருந்து ஒவ்வொரு அரசாங்கமும் உலகத்துக்குச் சொல்லி வருகிறது. அதைச் சரிபார்க்க ஐக்கிய நாடுகள் அறிக்கை வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. வலிகாமம் வடக்கில் பிறந்த, முழங்கால் தேய்ந்த இரண்டு பேர், விடிய ஆறு மணிக்குத் தங்கள் சொந்த வளவுப் படலையைத் திறந்து கடற்கரைக்கு இறங்கி, ஒருவரையும் கேட்காமல் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வந்து தேத்தண்ணி குடிக்க முடிகிறதா என்று பார்த்தால் போதும்.